வளாகப் பத்திரிகை: எழுதுவது மாணவர், நிறுத்துவது யார்?

நம் ஊரில் படித்தவர்களிடம் கல்லூரிப் பத்திரிகை என்று சொன்னால் ஆண்டு மலர்தான் நினைவுக்கு வரும். முதல் சில பக்கங்களில் தாளாளர், முதல்வர், துறைத் தலைவர்களின் வாழ்த்துரை. அப்புறம் துறைவாரியாகக் குழுப் படங்கள், என்.எஸ்.எஸ். முகாம் அறிக்கை, நடுவில் நாலு கவிதை. அதில் ஒன்றுக்குக் கட்டாயம் 'அம்மா' என்று தலைப்பு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது ஒரு நினைவுப் புத்தகம். ஆனால் விடுதிக் கட்டணம் ஏன் கூடியது என்று அதில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்திருந்தாலும் அச்சுக்குப் போயிருக்காது.

அந்தக் கேள்வியை எழுத ஓர் இடம் இருந்தால் அதுதான் வளாகப் பத்திரிகை. பல்கலைக்கழகத்தில் படிக்கிற மாணவர்களே செய்தி சேகரித்து, எழுதி, திருத்தி, படம் எடுத்து, பக்கம் கட்டி, பல இடங்களில் விளம்பரமும் பிடித்து நடத்துகிற செய்தி இதழ். அமெரிக்காவில் இதற்கு 150 ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு. இண்டியானா பல்கலைக்கழகத்தின் 'இண்டியானா டெய்லி ஸ்டூடண்ட்' 1867இல் தொடங்கியது, ஹார்வர்டின் 'கிரிம்சன்' 1873இல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1891இல் திறந்தது; அடுத்த ஆண்டே அங்கே மாணவர் நாளிதழ் வந்துவிட்டது. அதுதான் இன்றைய 'ஸ்டான்ஃபோர்டு டெய்லி'.

இத்தனை அவசரமாக அது ஏன் தேவைப்பட்டது? பல்லாயிரம் பேர் தங்கிப் படிக்கும் ஒரு வளாகம் சிற்றூர் மாதிரி. அதற்கென்று போலீஸ் இருக்கும், மருத்துவமனை இருக்கும், பட்ஜெட், தேர்தல், கோஷ்டிச் சண்டை எல்லாம் இருக்கும். வெளியூர் நிருபர்கள் அங்கே பெரிதாக ஏதாவது நடந்தால்தான் எட்டிப் பார்ப்பார்கள். மற்ற நாட்களில் அந்த ஊரைக் கவனிக்க மாணவர்களை விட்டால் ஆளில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

இதழியல் படிப்பவர்கள்தான் சேர முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஹார்வர்டில் இளநிலையில் இதழியல் என்று ஒரு பட்டப்படிப்பே கிடையாது. கிரிம்சனில் எழுதுபவர் பொருளாதாரமோ உயிரியலோ படிப்பவராக இருப்பார். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மாணவராக இருந்தபோது அந்த இதழின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்.

பருவத் தொடக்கத்தில் ஒரு திறந்த கூட்டம் நடக்கும். விருப்பமுள்ளவர்கள் வந்து பெயர் கொடுப்பார்கள். சில வாரம், சில இடங்களில் ஒரு பருவம் முழுக்க, பயிற்சி. மூத்த மாணவர் ஒருவர் கூடவே இருந்து சின்னச் சின்னச் செய்திகளாகக் கொடுத்துப் பழக்குவார். தேறியவர்களுக்கு 'பீட்', அதாவது தொடர்ந்து கவனித்து எழுத வேண்டிய துறை, ஒதுக்கப்படும்: நிர்வாகம், மாணவர் பேரவை, போலீஸ், விளையாட்டு, ஆராய்ச்சி என்று. எழுத வராதவர்களுக்கும் வேலை நிறைய உண்டு. படம், லே-அவுட், டெஸ்க்கில் பிழை திருத்துவது, இணையதளம், வரவு செலவு என்று. வரவு செலவு பார்க்கும் மாணவர்தான் பல இதழ்களில் உண்மையான அச்சாணி. அவருக்கு ஒருநாளும் பைலைன், அதாவது செய்தியோடு அச்சாகும் பெயர், கிடைக்காது.

செய்தி சேகரிக்கும் முறை வெளிப் பத்திரிகைகளில் உள்ளதுதான். குற்றம் சாட்டப்பட்டவரிடம் பதில் கேட்காமல் வெளியிடக் கூடாது. பேட்டி கொடுத்தவர் கேட்டார் என்பதற்காக முழுக் கட்டுரையையும் முன்கூட்டியே அனுப்பிவைக்கக் கூடாது. தவறு நேர்ந்தால் திருத்தம் போட வேண்டும். கூடுதலாக வளாகத்துக்கே உரிய ஒரு விதி உண்டு. உங்கள் அறைத் தோழரைப் பற்றியோ, நீங்கள் இருக்கும் மன்றத்தைப் பற்றியோ, உங்களுக்கு மதிப்பெண் போடுகிற பேராசிரியரைப் பற்றியோ நீங்கள் செய்தி எழுதக் கூடாது, வேறொருவர் எழுத வேண்டும்.

ஆதாரம் எங்கிருந்து கிடைக்கும்? 1986இல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதால் 1990இல் ஒரு சட்டம் வந்தது, இன்று அது அவர் பெயரிலேயே கிளெரி சட்டம் என்று வழங்குகிறது. வளாகத்துக்கென்று போலீஸோ பாதுகாப்புப் பிரிவோ வைத்திருக்கும் கல்லூரி, நடந்த குற்றங்களின் பதிவேட்டை நாள்தோறும் எழுதி, கேட்பவர் பார்க்கும்படி வைக்க வேண்டும். புதிய நிருபருக்குக் கொடுக்கும் முதல் வேலைகளில் ஒன்று அந்தப் பதிவேட்டைப் போய்ப் படித்துவிட்டு வருவது. சலிப்பான வேலைதான். ஆனால் ஒரே விடுதியில் மூன்று வாரமாகத் திருட்டு நடப்பது அதைப் படிப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

இன்னொன்று, மாணவ நிருபர் செய்திக்கு வெளியே நிற்பவர் அல்ல. 2023 ஆகஸ்ட் 28ஆம் தேதி வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஓர் ஆசிரியர் இறந்தார். மாணவர்கள் மணிக்கணக்கில் அறைகளைப் பூட்டிக்கொண்டு ஒளிந்திருந்தார்கள். அங்குள்ள 'டெய்லி டார் ஹீல்' இதழின் மாணவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து வந்த இதழின் முதல் பக்கத்தில் படமே இல்லை. அந்த மணிநேரங்களில் மாணவர்களுக்கு வந்த, அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள் மட்டும் பக்கம் முழுக்க: பத்திரமா, எங்கே இருக்கிறாய், பதில் சொல் என்று. அந்தப் பக்கம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. வெளியிலிருந்து வந்த எந்த நிருபரின் கைப்பேசியிலும் அந்தக் குறுஞ்செய்திகள் இருந்திருக்காது.

ஸ்டான்ஃபோர்டு: ஒரே இதழ், இரண்டு சம்பவங்கள்

1971 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையில் ஒரு போராட்டம் கைகலப்பில் முடிந்து போலீஸ்காரர்கள் காயமடைந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு டெய்லி அதைப் படங்களோடு வெளியிட்டது. அடிதடியில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க, வெளிவராத படங்கள் போலீஸுக்குத் தேவைப்பட்டன. வாரண்டோடு வந்து செய்தி அறையை, மேசை இழுப்பறைகளை, குப்பைக்கூடையைக்கூடத் துழாவினார்கள். ஏற்கெனவே அச்சான படங்களைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் வென்று, 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்ற கணக்கில் தோற்றார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பால் நாட்டின் எல்லாச் செய்தி அறைகளும் கலங்கிப்போயின. 1980இல் நாடாளுமன்றம் தலையிட்டு, செய்தியாளர்களின் குறிப்புகளையும் படங்களையும் இப்படிச் சோதனை போட்டு எடுப்பதைப் பெருமளவு தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய நாளிதழ்களும் இன்று அனுபவிக்கிற பாதுகாப்பு அது.

இதற்கு நடுவே, 1973இல், டெய்லி பல்கலைக்கழகத்திடமிருந்து பிரிந்து தனி நிறுவனமாகிவிட்டது. அதன் பலன் முழுதாகத் தெரிந்தது 50 ஆண்டு கழித்து.

2022 நவம்பரில், கல்லூரியில் சேர்ந்து சில மாதமே ஆன தியோ பேக்கர் என்ற மாணவர் ஒரு செய்தி வெளியிட்டார். ஸ்டான்ஃபோர்டின் தலைவர், அதாவது நம் கணக்கில் துணைவேந்தர், மார்க் டெஸ்ஸியே-லவீன் பெயர் பெற்ற நரம்பியல் விஞ்ஞானி. அவர் பெயர் இருந்த சில ஆய்வுக் கட்டுரைகளின் படங்களில் மாற்றம் செய்யப்பட்ட அறிகுறிகள் இருப்பதாகச் செய்தி சொன்னது. ஆய்வாளர்கள் ஒருவர் கட்டுரையை ஒருவர் விமர்சிக்கும் பப்பியர் தளத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த சந்தேகங்கள்தான் அவை. பேக்கர் அவற்றை எடுத்து, ஆய்வுப் படங்களில் முறைகேடு கண்டுபிடிப்பதில் பெயர் பெற்ற எலிசபெத் பிக் உள்ளிட்ட வல்லுநர்களிடம் காட்டி, தொடர்ந்து எழுதினார். அறங்காவலர் குழு விசாரணை வைத்தது. 2023 ஜூலையில் அறிக்கை வந்தது. தலைவர் தாமே எந்தத் தரவையும் திரிக்கவில்லை என்று அது சொன்னது. 2009ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றைப் பற்றி டெய்லி எழுதிய மோசடிக் குற்றச்சாட்டையும் அது ஏற்கவில்லை. ஆனால் அவருடைய ஆய்வகத்தில் வேறு சிலர் தரவுகளைத் திரித்திருக்கிறார்கள், பிழை தெரிந்த பிறகும் அவர் உரிய முறையில் திருத்த முயலவில்லை என்றது. அவர் பதவி விலகுவதாக அறிவித்தார், மூன்று கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். பேக்கருக்கு இதழியலுக்கான போல்க் விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்றவர்களில் அவர்தான் மிக இளையவர்.

பேக்கரின் தாயும் தந்தையும் பிரபலமான பத்திரிகையாளர்கள் என்பதைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள். வீட்டிலேயே பயிற்சி கிடைத்த பையன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் திறமையை வைத்துக்கொண்டு அவர் ஒரு ஆண்டு மலரில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தலைவரின் அலுவலகம் சொன்னால் செய்தியை நிறுத்த வேண்டிய கட்டாயம் டெய்லிக்கு இல்லை. மாணவர் பங்கேற்பு என்று பேசும்போது எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்றுதான் வழக்கமாக எண்ணுவோம். எழுதியதை யாரால் நிறுத்த முடியும் என்று கேட்டால்தான் ஓர் இதழ் உண்மையில் யாருடையது என்று தெரியும்.

கடிவாளம் யார் கையில்

அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. மாணவர் எழுத்தைத் தணிக்கை செய்ய அவற்றுக்குப் பொதுவாக உரிமையில்லை. இருந்தாலும் முயற்சிகள் நின்றபாடில்லை. 2000ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் கவர்னர்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு டீன் நேரே அச்சகத்துக்குப் போன் போட்டார். நிர்வாகம் பார்த்து ஒப்புதல் கொடுக்காமல் மாணவர் இதழை அச்சடிக்க வேண்டாம் என்றார். மாணவர்கள் தொடுத்த வழக்கில் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டீன் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குப் பதிலடியாக இல்லினாய் சட்டமன்றம் 2007இல் அரசுக் கல்லூரிகளின் மாணவர் இதழ்களுக்கு முன்தணிக்கை கூடாது என்று சட்டமே போட்டது.

நேரடித் தணிக்கையைவிட எளிய வழி காசு. அலுவலக அறை, அச்சுச் செலவு, ஆலோசகரின் சம்பளம் மூன்றும் பல்கலைக்கழகம் கொடுத்தால் ஒரு வரியைக்கூட அது வெட்ட வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் இண்டியானாவில் நடந்தது இதுதான். பழைய மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்பி வரும் 'ஹோம்கமிங்' விழாவையொட்டி வரும் அச்சு இதழில் விழாத் தகவல்கள் மட்டும் இருக்க வேண்டும், செய்தி கூடாது என்றது நிர்வாகம். மாணவர் ஊடகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஊழியர் அதை ஏற்கவில்லை. அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தொடர்ந்து அச்சு இதழையே நிறுத்தினார்கள். இணையத்துக்கு மாறுவதும் செலவைக் குறைப்பதும்தான் நோக்கம் என்று பல்கலைக்கழகம் சொன்னது. அப்போது, விளையாட்டில் இண்டியானாவின் பரம வைரியான பர்டூ பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கை நீண்டது. அங்குள்ள மாணவர் இதழ் 'எக்ஸ்போனென்ட்' சிறப்பு இதழ் ஒன்றை அச்சடித்து, இண்டியானா வளாகத்துக்கே கொண்டுபோய் வைத்தது. எக்ஸ்போனென்ட் தனி நிறுவனம் என்பதால் அதைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. எதிர்ப்பு வலுத்ததும் இண்டியானா நிர்வாகம் அந்த மாதக் கடைசியிலேயே அச்சைத் திரும்ப அனுமதித்தது.

தனித்து நிற்பதற்கும் விலை உண்டு. உள்ளூர்க் கடை விளம்பரங்கள் இணையத்துக்குப் போய்விட்டதால் தனி இதழ்கள் நன்கொடையை நம்பி ஓடுகின்றன. எழுதுபவருக்குக் கிடைப்பது சொற்பத் தொகை, அல்லது ஒன்றுமில்லை. மாலையில் காபிக் கடையில் வேலை பார்த்துக் கட்டணம் கட்டுகிற மாணவரால் வாரத்துக்கு இருபது, முப்பது மணிநேரம் செய்தி அறையில் இருக்க முடியாது. ஆக, வசதியான வீட்டுப் பிள்ளைகளே ஆசிரியர் பொறுப்புக்கு வருகிறார்கள். மாணவர் பத்திரிகைகளைப் புகழ்பவர்கள் இந்தக் குறையை அதிகம் பேசுவதில்லை.

நிர்வாகத்தின் கையில் இருக்கிற இன்னோர் ஆயுதம் பொறுமை. நாலு ஆண்டில் ஒரு தலைமுறை நிருபர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். பழைய சண்டையின் கதை புதியவர்களுக்குத் தெரியாது. இதனால்தான் பழைய மாணவர்களைக் கொண்ட ஒரு நிர்வாகக் குழுவைச் சில இதழ்கள் வைத்துக்கொள்கின்றன. அவர்கள் செய்தியில் தலையிட மாட்டார்கள். கணக்கையும் ஒப்பந்தங்களையும் பழைய நினைவையும் பார்த்துக்கொள்வார்கள்.

பிலிப்பைன்ஸின் சட்டம்

இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகிய நாடு பிலிப்பைன்ஸ். அங்கே மாணவர் பத்திரிகைக்கு ரத்தம் தோய்ந்த வரலாறு உண்டு. 1972இல் அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்து பெரிய பத்திரிகைகளை மூடியபோது, பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் 'ஃபிலிப்பைன் காலேஜியன்' இதழ் விமர்சனக் குரலை முற்றாக விட்டுவிடவில்லை. அதன் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் சர்மியன்டோ என்ற மாணவர், நாம் பேசாவிட்டால் யார் பேசுவார்கள், இப்போது இல்லையென்றால் எப்போது என்று பக்கத்தில் கேட்டார். 1976 ஜனவரியில் அவரைக் கைது செய்தார்கள். ஏற்கெனவே ஆஸ்துமா நோயாளி. ஏழு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்து உடைந்த உடம்போடு வெளியே வந்தார். 1977இல், 27 வயதில் இறந்துபோனார்.

மார்க்கோஸ் ஆட்சி போன பிறகு, 1991இல், வளாக இதழியலுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. இதழின் கொள்கையை ஆசிரியர் குழு தீர்மானிக்கும், பணத்தையும் அதுவே நிர்வகிக்கும். ஆலோசகராக இருக்கும் ஆசிரியர் தொழில்நுட்ப வழிகாட்டலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எழுதிய கட்டுரைக்காக மட்டும் ஒரு மாணவரை நீக்கவோ இடைநீக்கம் செய்யவோ முடியாது. காகிதத்தில் இதைவிட நல்ல சட்டம் கிடைக்காது. ஆனால் மீறுகிற கல்லூரிக்கு என்ன தண்டனை என்று அதில் இல்லை. இதழுக்கான கட்டணத்தை வசூலித்துக் கையில் கொடுக்காமல் இழுத்தடிக்கிறார்கள் என்ற புகார் அங்கே நெடுநாளாக உண்டு. 2000இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும், வகுப்பைக் குலைக்கிற அளவுக்கோ பிறர் உரிமையைப் பறிக்கிற அளவுக்கோ எழுத்து போனால் கல்லூரி நடவடிக்கை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. 'குலைக்கிற அளவு' எது என்று முதலில் முடிவு செய்யப்போவது அதே கல்லூரிதான்.

நண்பர்களிடமிருந்தும் வரும் அழுத்தம்

எதிர்ப்பு மேலிருந்து மட்டும் வருவதில்லை. 2019 நவம்பரில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்க அரசின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் (தலைமைச் சட்ட அதிகாரி) ஜெஃப் செஷன்ஸ் பேச வந்தார், மாணவர்கள் போராடினார்கள். 'டெய்லி நார்த்வெஸ்டர்ன்' நிருபர்கள் படம் எடுத்து ட்விட்டரில் போட்டார்கள், பல்கலைக்கழகத் தொலைபேசிப் பட்டியலைப் பார்த்துப் போராட்டக்காரர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பேட்டி கேட்டார்கள். அடையாளம் தெரிந்து எங்களுக்கு ஆபத்து வரும் என்று சக மாணவர்கள் கொதித்ததும், இதழ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. உடனே தொழில்முறைப் பத்திரிகையாளர்கள் பாய்ந்தார்கள்: வேலையைச் செய்ததற்கு மன்னிப்பா? அங்கிருக்கும் இதழியல் கல்லூரியின் டீன், நிருபர்கள் செய்ததில் பிழையில்லை, மன்னிப்புதான் பிழை என்றார். கூடவே, 20 வயதுப் பிள்ளைகளை இரண்டு பக்கமும் இப்படிக் கடித்துக் குதறியதையும் கண்டித்தார். என் கட்சி டீன் கட்சிதான். பொதுவெளியில் நடந்த போராட்டத்தைப் படம் எடுக்க யார் அனுமதியும் வேண்டாம்.

ஆனால் அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த துருக்கி மாணவி ரூமெய்சா ஓஸ்துர்க், 2024 மார்ச்சில் மாணவர் இதழில் மேலும் மூவரோடு சேர்ந்து ஒரு கருத்துக் கட்டுரை எழுதினார். காஸா பற்றிய மாணவர் பேரவைத் தீர்மானங்களைப் பல்கலைக்கழகம் ஒதுக்கியதை விமர்சித்த கட்டுரை. ஓராண்டு கழித்து, 2025 மார்ச்சில், முகத்தை மூடிய குடியேற்றத் துறை அதிகாரிகள் அவரைத் தெருவில் பிடித்தார்கள். ஆறு வாரம் லூயிசியானாவில் காவலில் இருந்தபின் நீதிமன்றம் விடுவித்தது. வெளிநாட்டு மாணவர்கள் பழைய கட்டுரைகளிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி மாணவர் இதழ்களைக் கேட்கத் தொடங்கினார்கள். வெளியிட்டதை நீக்குவதில்லை என்பது செய்தி அறைகளின் பழைய பிடிவாதம். மாணவர் பத்திரிகைச் சட்ட மையம் போன்ற அமைப்புகளே அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளச் சொல்லின. அந்த ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு டெய்லி மறுபடியும் நீதிமன்றம் போனது. விசாவில் இருக்கும் தன் நிருபர்கள் பயந்து எழுத மறுக்கிறார்கள் என்று மத்திய அரசு மீது வழக்கு.

இங்கே தொடங்க நினைப்பவருக்கு

நம் பக்கமும் முயற்சிகள் உண்டு. ஐஐடி மெட்ராஸில் 'த ஃபிஃப்த் எஸ்டேட்' என்ற மாணவர் ஊடகக் குழு இயங்குகிறது. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் வழியாகக் கல்லூரி மாணவர்கள் பலர் இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கிறார்கள். அது நல்ல பயிற்சி, ஆனால் இதழ் வெளியாருடையது. உங்கள் விடுதிச் செய்தி மாநிலச் செய்தியாக வளர்ந்தால்தான் அதில் இடம்.

இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒன்று தொடங்குவதானால் பெரிய ஊழலைத் தேடிப் போக வேண்டாம். எல்லோரும் கட்டுகிற ஒரு கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக் கட்டணம், நூலகக் கட்டணம் எதுவானாலும் சரி: எவ்வளவு வசூலானது, எதற்குச் செலவானது? அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தும். கட்டணம் 10 ரூபாய், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தில் பெயர் போட வேண்டும் என்பதால், படித்து முடித்து வெளியேறிய ஒரு சீனியரைக் கேட்கச் சொல்வது புத்திசாலித்தனம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்ய அடுத்த 30 நாள் அவகாசம் இருக்கிறது.